நிரலுக்கு உரை எழுதியவர்கள்

1975ஆம் ஆண்டு அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்திலிருந்து வெளிவந்த யூனிக்ஸ் இயங்குதளத்தின் ஆறாம் பதிப்பில், மூலநிரலின் இடையே ஒரு சிறு குறிப்பு உண்டு. இது உமக்குப் புரியும் என்று எதிர்பார்க்கவில்லை என்பது அதன் கருத்து. ஒரு வேலையை நிறுத்திவைத்து மற்றொன்றைத் தொடரச் செய்யும் பகுதியில் அது இடம்பெற்றிருந்தது. நிரலாளர் உலகில் இக்குறிப்புப் பெரும்புகழ் பெற்றது. மேதைகளின் செருக்குக்குச் சான்றாகவும் காட்டப்பட்டது. யூனிக்ஸை உருவாக்கியவருள் ஒருவராகிய டென்னிஸ் ரிட்சி பிற்காலத்தில் அதற்கு விளக்கம் தந்தார். தேர்வில் இக்கேள்வி வராது என்று ஆசிரியர் மாணாக்கரிடம் கூறுவது போன்ற பொருளில்தான் அது எழுதப்பட்டதாம். அதைவிடச் சுவையானது அவர் அடுத்துக் கூறியது. அப்பகுதியில் என்ன நிகழ்கிறது என்பது எழுதியவர்களுக்கே அன்று விளங்கியிருக்கவில்லை! பி.டி.பி.-11 என்னும் கணினியில் அது தடையின்றி ஓடிற்று. அக்கணினியின் கம்பைலரில் இருந்த ஒரு வழக்கமே அதற்குக் காரணம். இன்டர்டேட்டா என்னும் வேறொரு கணினிக்கு யூனிக்ஸைக் கொண்டுசென்றபோது அவ்வழக்கம் அங்கு இல்லை. அடிப்படையே பிழையானது என்பது அப்போதுதான் வெளிப்பட்டது.

ஓடுகின்ற நிரல் வேறு, விளங்கிக்கொண்ட நிரல் வேறு. பொறிக்கு ‘இதைச் செய்’ என்று சொல்வதோடு நிரலின் கடமை முடிந்துவிடுகிறது. ஏன் இவ்வாறு செய்யப்பட்டது, வேறு எவ்வழிகள் எண்ணிப்பார்க்கப்பட்டுக் கைவிடப்பட்டன என்பனவெல்லாம் எழுதியவர் மனத்திலேயே தங்கிவிடுகின்றன. அவர் வேலையை விட்டுச் செல்லும் நாளில் அவையும் உடன் செல்கின்றன. நம்மிடம் தமிழ் பயின்ற மாணாக்கருள்ளும் சிலர் இன்று சென்னையிலும் பெங்களூரிலும் மென்பொருள் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். உங்கள் தொழிலைப் பற்றி எழுதுங்களேன் என்று கேட்டால், நேரமில்லை என்பார்கள். எங்களுக்குத் தெரிந்தது எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்பார்கள். நிறுவனம் இசையாது என்பார்கள். இத்தொழிலின் வரலாற்றைப் புரட்டினால் இம்மூன்று தடைகளும் அன்றே இருந்தன என்பதும், அவற்றைத் தாண்டி எழுதியவர்களே அத்தொழிலுக்கு நினைவாற்றலைத் தந்தார்கள் என்பதும் புலனாகும்.

மேற்சொன்ன யூனிக்ஸ் ஆறாம் பதிப்பையே எடுத்துக்கொள்வோம். ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில், நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் லயன்ஸ் என்னும் ஆசிரியர் இருந்தார். 1974 ஜூலையில் ரிட்சியும் கென் தாம்சனும் யூனிக்ஸ் பற்றி எழுதிய கட்டுரை வெளிவந்தது. அதன்பின் அப்பல்கலைக்கழகம் உரிமம் பெற்று மூலநிரலை வரவழைத்தது. இயங்குதளம் என்பதை மாணாக்கர்க்குக் கற்பிக்க வேண்டிய நிலையில் இருந்த லயன்ஸ், பாடநூல்களின் பொதுக்கருத்துகளால் நிறைவடையவில்லை. மெய்யாகவே ஓடுகின்ற ஓர் இயங்குதளத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை மாணாக்கர் படிக்க வேண்டும் என்று எண்ணினார். 1976ஆம் ஆண்டு அவர் செய்தது எளிய செயல். ஏறத்தாழ 9,000 வரிகள் கொண்ட அந்நிரலை ஒழுங்குபடுத்தி, ஒவ்வொரு வரிக்கும் எண் இட்டு, ஒரு தொகுதியாக்கினார். இரண்டாம் தொகுதியில் அவ்வெண்களைச் சுட்டி விளக்கம் எழுதினார். முன்னது சிவப்பு அட்டை, பின்னது ஆரஞ்சு அட்டை.

தமிழ் படித்தவர்க்கு இவ்வமைப்பு புதியதன்று. மூலமும் உரையும் என்று நாம் நெடுங்காலமாக அறிந்ததே இது. நூற்பாவை மட்டும் வைத்துக்கொண்டு தொல்காப்பியத்திற்குள் நுழைந்தவர் எத்தனை பேர்? இளம்பூரணரும் சேனாவரையரும் கைகொடுத்தமையால் அன்றோ நம்மால் நடக்க முடிகிறது. லயன்ஸும் அவ்வகையில் ஓர் உரையாசிரியர். மூலத்தைப் போற்றுவார், ஐயம் தோன்றும் இடத்தில் ஐயுறுவார், இதனினும் சிறப்பாக இதைச் செய்திருக்கலாமே என்று சில இடங்களில் மாணாக்கரைச் சிந்திக்கத் தூண்டுவார். புரியாது என்று ஆசிரியர்களே எழுதிவைத்த அந்தப் பகுதி, அவர் இட்ட எண்வரிசையில் 2238ஆம் வரியாக அமைந்தது. அதற்கும் அவர் விளக்கம் எழுதினார்.

நினைவிற்கொள்ள வேண்டியது ஒன்றுண்டு. யூனிக்ஸை உருவாக்கியவர் அல்லர் லயன்ஸ். பல்லாயிரம் மைல்களுக்கு அப்பால் அமர்ந்து, பிறர் எழுதியதைப் படித்துப் புரிந்துகொண்டவர். எழுதுவதற்குத் தகுதி, உருவாக்கியவராக இருத்தல் அன்று. பொறுமையாகப் படித்தவராக இருத்தலே. வகுப்பில் அமர்ந்திருந்த மாணாக்கர்க்காகத்தான் அவர் எழுதினார். உலகத்தார்க்கு எழுதுகிறோம் என்று தொடங்கியிருந்தால் அந்நூல் எழுதப்பட்டிருக்குமா என்பது ஐயமே.

பின்னர் நிகழ்ந்தது கதை போன்றது. உரிமம் பெற்ற நிறுவனங்களுக்கு மட்டுமே அவ்வுரை அளிக்கப்பட்டது. 1979இல் வந்த ஏழாம் பதிப்பின் உரிமத்தில், மூலநிரலை வகுப்பறையில் பாடமாகப் பயன்படுத்தல் ஆகாது என்று விதித்தார்கள். தடை வந்ததும் உரையின் மதிப்பு கூடிற்று. நகலெடுத்தார்கள், நகலுக்கு நகல் எடுத்தார்கள், எழுத்து மங்கிப்போன ஐந்தாம் நகலையும் ஆறாம் நகலையும் கண்களை இடுக்கிக்கொண்டு ஒரு தலைமுறை நிரலாளர்கள் படித்தார்கள். ஓலைச்சுவடி படித்த நம் முன்னோரின் நினைவு வருவதைத் தவிர்க்க முடியவில்லை. 1996ஆம் ஆண்டில்தான் அது முறையான அனுமதியுடன் நூலாக அச்சேறிற்று. 1998இல் லயன்ஸ் மறைந்தார்.

அத்தடையால் விளைந்தது இன்னொன்றும் உண்டு. ஆம்ஸ்டர்டாம் நகரின் பல்கலைக்கழகம் ஒன்றில் கற்பித்துவந்த ஆண்ட்ரூ டேனன்பாம், வகுப்பில் யூனிக்ஸைக் காட்ட முடியாமற் போனதால், மினிக்ஸ் என்னும் சிறு இயங்குதளத்தைத் தாமே எழுதி, 1987இல் அதன் மூலநிரலைத் தம் பாடநூலின் பின்னிணைப்பாக அச்சிட்டார். ஹெல்சிங்கியில் அந்நூலைப் படித்த மாணவருள் ஒருவர் லினஸ் டோர்வால்ட்ஸ். 1991இல் அவர் தொடங்கியதே லினக்ஸ். இன்று உலகின் பெரும்பாலான கைப்பேசிகளுக்குள் இருப்பது அதன் வழிவந்த கருவே. சிட்னியின் இரு தொகுதிகளிலிருந்து லினக்ஸ் நேரே பிறந்தது என்று நாம் கூறமாட்டோம். அது மிகைப்பட்ட கூற்று. நிரலைப் படித்துக் கற்கலாம் என்னும் எண்ணம் ஒருமுறை நிலைபெற்றபின் அதை உரிமத்தால் அடைக்க இயலவில்லை என்பது மட்டும் உறுதி.

எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்னும் தயக்கத்திற்கு வருவோம். இதற்கு 1843ஆம் ஆண்டுக்குச் செல்ல வேண்டும். சார்ல்ஸ் பாபேஜ் திட்டமிட்ட பகுப்பாய்வுப் பொறியைப் பற்றி, இத்தாலியராகிய மெனாப்ரியா பிரெஞ்சு மொழியில் ஒரு கட்டுரை எழுதியிருந்தார். அதை ஆங்கிலத்தில் பெயர்த்தவர் ஏடா லவ்லேஸ். இப்பொருளை நன்கு அறிந்த நீங்களே ஏன் ஒரு கட்டுரை எழுதவில்லை என்று பாபேஜ் கேட்க, அவ்வெண்ணமே தமக்குத் தோன்றவில்லை என்று அவர் விடையளித்தாராம். அங்ஙனமாயின் மொழிபெயர்ப்புடன் குறிப்புகளாவது சேருங்கள் என்றார் பாபேஜ். ஏ முதல் ஜி வரை ஏழு குறிப்புகள் அமைந்தன. அவை மூலக்கட்டுரையைப் போல் ஏறத்தாழ மும்மடங்கு! பெர்னூலி எண்களைப் பொறி எவ்வாறு படிப்படியாகக் கணிக்கும் என்று ஏழாம் குறிப்பில் அட்டவணையிட்டுக் காட்டினார். முதல் நிரல் என்று பலரும் அதைப் போற்றுகின்றனர். அப்பட்டத்தைப் பற்றி வழக்குரைப்போரும் உளர். அவ்வழக்கு நமக்கு வேண்டா. அப்பொறி பாபேஜின் வாழ்நாளில் கட்டி முடிக்கப்படவே இல்லை. அதனை நாம் இன்று அறிந்திருப்பதில் அக்குறிப்புகளுக்குப் பெரும்பங்கு உண்டு. தோன்றவில்லை என்று சொன்ன ஒருவரை எழுத வைத்தது ஒரு கேள்வி என்பதையும் கவனிக்க வேண்டும்.

இனி, முற்றுப்பெறாததை எவ்வாறு வெளியிடுவது என்னும் அச்சம். நல்ல நிரலாளர்களை ஊமையாக்குவதில் இதற்கே முதலிடம் என்று நமக்குத் தோன்றுகிறது. 1969இல் அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் சிலவற்றின் கணினிகளை இணைக்கும் ஆர்பாநெட் திட்டம் தொடங்கியபோது, கணினிகள் ஒன்றோடொன்று எவ்வாறு உரையாட வேண்டும் என்று முடிவுசெய்யும் வேலை, முதுநிலை மாணாக்கர் சிலர் தலையில் விழுந்தது. தமக்கு அதிகாரம் எதுவும் இல்லை என்பது அவர்களுக்குத் தெரியும். பெரியவர்கள் யாரேனும் வந்து, உங்களை யார் எழுதச் சொன்னது என்று கேட்டுவிடுவார்களோ என்ற அச்சமும் இருந்தது. லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் கலிபோர்னியப் பல்கலைக்கழக மாணவராகிய ஸ்டீவ் கிராக்கர், உடன் தங்கியிருந்தோரின் உறக்கத்தைக் கெடுக்காதிருக்கக் குளியலறையில் அமர்ந்து இரவில் எழுதினார். 1969 ஏப்ரல் 7 என்று நாளிட்ட அந்த முதற்குறிப்புக்கு அவர் தேர்ந்த பெயர்தான் சிறப்பு: ‘கருத்துரை வேண்டுகோள்’. ஆங்கிலத்தில் அதன் முதலெழுத்துகள் ஆர்.எஃப்.சி. இது விதியன்று, முடிவன்று, குறைகளைச் சொல்லுங்கள் என்னும் பணிவு அப்பெயரிலேயே உள்ளது.

அவ்வரிசையின் மூன்றாம் குறிப்பு, குறிப்பு எழுதும் முறையைப் பற்றியது. எழுதுவோர்க்கு நாம் கண்ட அறிவுரைகளுள் இதற்கு நிகரானது அரிது. செப்பமாக இருப்பதைவிடக் காலத்தோடு வருவது மேல். எடுத்துக்காட்டு இல்லாத கருத்தும் ஏற்கத்தக்கது. விடையில்லாத கேள்வியும் ஏற்கத்தக்கது. ஒரு குறிப்பின் குறைந்தபட்ச நீளம் ஒரு வாக்கியம். இத்தளர்வுக்கு இரண்டு காரணங்களும் அதில் கூறப்பட்டன. எழுத்தில் வந்துவிட்டாலே அது முடிந்த முடிவு என்று மக்கள் எண்ணிவிடுகிறார்கள். செப்பமுறாத ஒன்றை வெளியிட எல்லோரும் இயல்பாகவே கூசுகிறார்கள். இவ்விரண்டையும் உடைப்பதே நோக்கம். முதற்குறிப்பு எழுதப்பட்டபோது இணைக்கப்பட்ட கணினி ஒன்றுகூட இல்லை. முதற்செய்தி சென்றது அவ்வாண்டு அக்டோபர் 29 அன்றுதான். அவ்வரிசை இன்று 9,000ஐத் தாண்டி வளர்ந்து, இணையத்தின் இலக்கணமாக விளங்குகிறது. ஜான் போஸ்டல் என்பார் அதன் பதிப்பாசிரியராக 1998இல் இறக்கும் வரை பணியாற்றினார். இணையத்திற்கு இலக்கணம் செய்கிறோம் என்று அறிந்து தொடங்கியிருந்தால் அவ்விளைஞர்கள் பேனாவைத் தொட்டிருக்க மாட்டார்கள் என்றே நினைக்கிறோம்.

வாழ்நாள் முழுவதும் எழுதியவர் ஒருவர் உண்டு. அவர் நெதர்லாந்தின் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா. 1957இல் ஆம்ஸ்டர்டாமில் திருமணப் பதிவுக்குச் சென்றபோது, தொழில் என்னும் இடத்தில் நிரலாளர் என்று எழுதினார். அப்படி ஒரு தொழிலே இல்லை என்று அலுவலர் மறுத்துவிட, கோட்பாட்டு இயற்பியலாளர் என்று மாற்றி எழுத நேர்ந்தது. இல்லாத தொழிலில் இருந்த அவர், அத்தொழில் என்ன என்பதை எழுதி எழுதியே நிலைநாட்டினார் எனலாம். தம் பெயரின் முதலெழுத்துகளாகிய இ.டபிள்யூ.டி. என்பதோடு வரிசை எண் சேர்த்துக் குறிப்புகள் எழுதுவார். தொடக்கத்தில் தட்டச்சு, பிற்காலத்தில் பெரும்பாலும் மைப்பேனா, அழகிய கையெழுத்து. நகலெடுத்து நண்பர் சிலருக்கு அஞ்சலில் அனுப்புவார். அவர்கள் நகலெடுத்துத் தம் நண்பர்களுக்கு அனுப்புவார்கள். கணிதச் சான்று, பயணக் குறிப்பு, தேர்வு பற்றிய புலம்பல், சக அறிஞர் மீதான சாடல் என எதற்கும் அவ்வரிசையில் இடமுண்டு. 215ஆம் குறிப்பு 1968இல் ஆசிரியருக்குக் கடிதமாக அச்சேறி, ‘கோ டூ’ என்னும் கட்டளையைப் பற்றிய பெரும்போரைத் தொடங்கிவைத்தது. அதற்கு இன்று வழங்கும் தலைப்பு இதழாசிரியர் நிக்லஸ் விர்த் இட்டது. சண்டைக்கு அழைக்கும் தலைப்பை இதழாசிரியர்கள் சூட்டும் வழக்கம் அன்றும் இருந்தது போலும்! கடைசிக் குறிப்பின் எண் 1318. நாள் 2002 ஏப்ரல். அவ்வாண்டு ஆகஸ்டில் அவர் மறைந்தார்.

நிறுவனம் இசையாது என்போர் ஒன்றைக் கருத வேண்டும். 1973 முதல் 1984 வரை டைக்ஸ்ட்ரா பரோஸ் என்னும் கணினி நிறுவனத்தின் ஊழியர். அந்த ஆண்டுகளிலும் குறிப்புகள் நிற்கவில்லை. அவரைப் போன்ற ஆய்வாளர்க்குக் கிட்டிய சலுகை எல்லா ஊழியர்க்கும் கிட்டாது என்பது மெய்தான். எனினும், அவர் எழுதியவை பெரும்பாலும் நிறுவனத்தின் நிரல்கள் அல்ல, சிந்திக்கும் முறைகள். வாடிக்கையாளரின் கணக்கையோ முதலாளியின் மறைபொருளையோ வெளியிடுதல் தவறு. ஒப்பந்தத்தை மீறுதலும் தவறு. ஆனால், மூன்று நாள் அலைக்கழித்த ஒரு பிழையைக் கடைசியில் எந்தக் கேள்வி காட்டிக்கொடுத்தது என்பது எவருடைய மறைபொருளும் அன்று.

தமிழாசிரியர்களாகிய நமக்கு இனிப்பான செய்தி ஒன்றும் அவரிடம் உண்டு. 1975இல் எழுதிய 498ஆம் குறிப்பில், கணித நாட்டத்தை அடுத்து, திறமையான நிரலாளர்க்கு இன்றியமையாத சொத்து தாய்மொழியில் மிகச் சிறந்த ஆளுமை என்று கூறுகிறார். தாய்மொழியில் என்றார்; ஆங்கிலத்தில் என்று கூறவில்லை. அவருடைய தொடக்கக் காலக் குறிப்புகளுள் பல டச்சு மொழியில் அமைந்தவை.

இவ்வளவு கூறியபின், எதிர்ப்பக்கத்தின் வலுவான வாதத்தை மறைப்பது நேர்மையாகாது. டென்மார்க்கின் பீட்டர் நார் 1985இல் எழுதிய கட்டுரையில், நிரலாக்கம் என்பது கோட்பாடு ஒன்றை மனத்தில் கட்டியெழுப்புவதே, அதை எழுத்தில் முழுமையாக இறக்கிவைக்க இயலாது என்றார். ஒரு குழு உருவாக்கிய கம்பைலரை மற்றொரு குழு விரிவாக்க முனைந்தது. மூலநிரலும் விரிவான ஆவணங்களும் கையில் இருந்தும், அக்குழு முன்வைத்த வழிகள் அமைப்பின் அழகைக் குலைப்பனவாகவே இருந்தன. முதற்குழுவினரோ கண்டதும் எளிய வழியைக் காட்டினார்கள். உருவாக்கியவர்கள் கலைந்துசென்றால் நிரல் இறந்துவிடுகிறது என்பது அவர் துணிபு. நாம் இதை மறுக்கவில்லை. இறையனார் களவியலின் உரை பல தலைமுறைகள் ஆசிரியர் வாயிலிருந்து மாணாக்கர் செவிக்கே வந்ததாக அவ்வுரை கூறுகிறது. அருகிருந்து கற்பதற்கு ஈடு எதுவுமில்லை. ஆயினும் ஒருநாள் அவ்வுரையும் ஏட்டில் ஏறியதால்தான் இன்று நம் கையில் இருக்கிறது. நார் குறைகூறியது ஆவணங்களை. அவை பெரும்பாலும் ‘என்ன’ என்பதை அடுக்கிச் செல்பவை. தவறிய வழிகளைச் சொல்லும் எழுத்து வேறு வகை. டொனால்ட் குனுத் தம் டெக் என்னும் அச்சுக்கோப்பு மென்பொருளில் 1978 முதல் கண்ட பிழைகள் அனைத்தையும் நாட்குறிப்பாக எழுதிவைத்து, 1989இல் வெளியிட்டார். 850க்கும் மேற்பட்ட பிழைகள், 15 வகைகளாகப் பகுக்கப்பட்டு! அறிஞர் ஒருவர் தம் சறுக்கல்களைத் தாமே எண்ணிட்டு அச்சிட்டது நம் புலமையுலகில் எளிதில் காணக்கிடைக்காத காட்சி.

தமிழிலேயே இதற்கொரு சான்று உண்டு. 1990களில் கணினியில் தமிழ் எழுத வந்தவை பற்பல எழுத்துருக்கள். ஒவ்வொன்றிலும் ‘அ’ என்னும் எழுத்துக்கு ஓர் எண். ஓர் எழுத்துருவில் எழுதியதை மற்றொன்றில் திறந்தால் பொருளற்ற குறிகளே தோன்றும். அக்காலத்தில் 1997 முதல் மின்னஞ்சல் வழியே பலநாட்டுத் தமிழர் வெளிப்படையாக விவாதித்து வகுத்தது திஸ்கி என்னும் குறியாக்கம். எந்த எண்ணுக்கு எந்த எழுத்து, ஏன் அந்த இடம் என்பனவெல்லாம் எழுதப்பட்டு எவரும் காணக் கிடைத்தன. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், பழந்தமிழ் நூல்களைத் தன்னார்வலர் உழைப்பால் தட்டச்சிட்டுத் திஸ்கியில் வெளியிட்டது. பின்னர் யூனிகோடு பரவியபோது, அட்டவணை கையில் இருந்தமையால் அந்நூல்களை மாற்றுவது எளிதாயிற்று. வேறு பல எழுத்துருக்களின் நிலை அவ்வாறன்று. செய்தவர்கள் அட்டவணையை வெளியிடவில்லை; சிலர் தொழிலையே விட்டுவிட்டார்கள். தன்னார்வலர்கள் ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிட்டு, குறியாக்கத்தை ஊகித்து மாற்றிகளை எழுத வேண்டியிருந்தது.

யூனிகோட்டிலும் எழுதப்பட வேண்டியவை நிறைய உள்ளன. ‘கொ’ என்பதில் உள்ள ஒகரக் குறியை ஒற்றை எண்ணாகவும் இடலாம். ஒற்றைக்கொம்பு, கால் என இரண்டு எண்களாகவும் இடலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. இரண்டையும் நிகராக்கிக்கொள்ளாத நிரலில் ஒன்றைத் தேடினால் மற்றது அகப்படாது. சங்கநூல் சொல்லடைவு செய்வோர் இதனால் சொற்களை இழக்கக்கூடும். இதைத் தீர்க்கத் தெரிந்த நிரலாளர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். 2012இல் தொடங்கிய கணியம் மின்னிதழ் இத்தகைய பொருள்களைத் தமிழில் எழுத இடம் தந்தது. கலைச்சொல் இல்லையே என்று அவர்கள் தயங்க வேண்டியதில்லை. கம்பைலர் என்றே எழுதட்டும், சொல் பின்னர் வரும். பிழை எங்கே தோன்றியது, எப்படிப் பிடிபட்டது என்று அரைப்பக்கம் எழுதினாலும், சொல்லடைவோடு மல்லுக்கட்டும் தமிழாய்வாளர் ஒருவராவது அதைப் படித்துவிட்டு அன்றிரவே தம் கோப்பைத் திறந்து சரிபார்ப்பார்.